பிறேக்கை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது? – வாசகர் கேள்வி பதில்

றேஸ் கேம்களில் உள்ள உதவி வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிறேக் பற்றியவை. பலாலி வீதியில் இருக்கும் என் பழுதுபார்க்கும் கடைக்கு நேரே வந்து கேட்டவர்களும் உண்டு. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கேள்வி: அண்ணை, கிரான் டூரிஸ்மோ 7 கேமில் ரோட்டில் விழும் வழிகாட்டிக் கோட்டையும் ஏபிஎஸ்ஸையும் ஒன்றாக நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு முடக்கிலும் புல்லுக்குள்தான் போகிறேன். கோடு இருந்தபோது நல்ல நேரம் எடுத்தேன். எந்த இடத்தில் பிறேக் பிடிப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— உயர்தர மாணவர், கொக்குவில்

பதில்: தம்பி, முதல் வேலையாக ஏபிஎஸ்ஸை, அதாவது பிறேக்கில் சில்லு இறுகாமல் பார்த்துக்கொள்ளும் வசதியை, திரும்பப் போடும். கோட்டை மட்டும் நிறுத்தி வைத்து ஓடும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால், புல்லுக்குள் போனது பிந்திப் பிடித்ததாலா, சில்லு இறுகி இழுபட்டதாலா என்று உமக்கே விளங்காது. கோடு இல்லாமல் ஓடப் பழகிய பிறகு ஏபிஎஸ்ஸைக் குறைத்த நிலைக்குக் கொண்டுவாரும். அந்தக் கேமில் அப்படி ஒரு நடுநிலை இருக்கிறது. முழுதாக நிறுத்துவது கடைசியில்.

கோடு இருந்தபோது எடுத்த நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதேயும். அப்போது நிறம் மாறியது, விரல் அமத்தியது, அவ்வளவுதான். கண் எந்நேரமும் பொனட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில்தான் கிடந்தது. முடக்கை நீர் பார்த்ததே இல்லை. கோட்டை எடுத்த பிறகு எல்லாரும் செய்வது, அது எங்கே நிறம் மாறியது என்று நினைவில் தேடுவது. அந்த நினைவால் பெரிய பயன் இல்லை. கோடு இருந்த இடத்தையல்ல, காரை அறிய வேண்டும்.

கடைக்கு வரும் பெடியளுக்கு நான் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பிறேக்கை விடும் இடத்தை முதலில் தேடு, பிடிக்கும் இடம் கடைசியில் தானாக வரும். செய்து பாரும். சுகுபா என்ற ஜப்பானியத் தடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு சுற்று 2 கிலோமீற்றர் சொச்சம்தான், அதனால் அதே முடக்கு அடிக்கடி திரும்ப வரும். 20 கிலோமீற்றருக்கு மேல் நீளமான நூர்பர்கிங் நோர்ட்ஷ்லைஃபவில் பழகப் போனால், பிழைவிட்ட முடக்கு அடுத்த முறை வரும்போது அங்கே என்ன செய்தீர் என்பதே மறந்திருக்கும். கார், மஸ்டா றோட்ஸ்ரர் போல, காற்றால் காரை நிலத்தோடு அமத்தும் இறக்கை இல்லாத, வேகம் குறைந்த ஒன்றாக இருக்கட்டும்.

இனி முதல் முடக்கு. அதற்கு முன்னால் வெட்கம் கெட்ட அளவுக்கு முந்திப் பிறேக் பிடியும். முடக்கு வர முன்னரே கார் மெதுவாகி, திரும்ப அக்சிலேற்றரைத் தொட வேண்டி வரும், வரட்டும். இப்படிச் சில சுற்றுகள் ஓடினால், உள்விளிம்பைத் தொடும் இடத்தில், அதாவது நீங்கள் எல்லாரும் ஏபெக்ஸ் என்று சொல்லும் இடத்தில், கார் எந்த வேகத்தில் சறுக்காமல் நிற்கிறது என்று பிடிபடும். 75 என்று வைத்துக்கொள்ளும். ஸ்ரியரிங்கைத் திருப்பத் தொடங்கும் இடமும் பிடிபடும். இப்போது பிறேக்கின் முடிவு உம் கையில் இருக்கிறது: இந்த இடத்தில், ஏறக்குறைய இந்த வேகத்தில் நான் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் தொடக்கத்தை ஒவ்வொரு கார் நீளமாக முடக்கை நோக்கித் தள்ள வேண்டும். ஏபெக்ஸைத் தவறவிட்டு வெளியே இழுபட்டால் அளவு கடந்துவிட்டது. ஒரு கார் நீளம் பின்னால் வந்து அங்கேயே நிலைகொள்ளும்.

அடையாளம் எதை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முடக்குக்கு எவ்வளவு மீற்றர் என்று காட்டும் தூரப் பலகை, ஓரக் கட்டை தொடங்கும் இடம், தார் நிறம் மாறும் ஒட்டு, கம்பி வேலி முடியும் இடம், எல்லாம் நல்லவை. நிழலை மட்டும் நம்பாதேயும். நேரம் ஓடும் தடங்களில் மதியம் கிடந்த நிழல் பின்னேரம் அங்கே இருக்காது. ஒரு அடையாளம் போதாது, ரோட்டின் மற்றப் பக்கத்திலும் ஒன்று இருக்கட்டும். போட்டியில் முன்னால் போகிற கார் பலகையை மறைக்கும்.

இன்னொன்று. பலகை வரும்வரை பலகையையே முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், முடக்கைப் பார்க்கும்போது பிந்திவிடும். தூரத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை முடக்குக்குக் கொண்டுபோம். பலகை ஓரக்கண்ணில் கடந்து போகும்போது காலோ விரலோ தன் வேலையைச் செய்யும். இது வாய்க்கச் சில நாள் பிடிக்கும். வாய்த்தால் மற்றது எல்லாம் லேசு.

கேள்வி: நானும் நண்பனும் ஒரே கார், ஒரே தடம். அவன் 100 மீற்றர் பலகையில் பிடித்து வடிவாகத் திரும்புகிறான். நான் அதே பலகையில் பிடித்தால் சரளைக் கல்லுக்குள் போகிறேன். இது என்ன நியாயம்?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: பலகை ஒன்றுதான், நீர் அந்தப் பலகைக்கு வந்து சேர்ந்த வேகம் வேறு. கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ரோட்டு ரயர் போட்ட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் முழுப் பிறேக்கில் ஏறக்குறைய புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்கு வேகம் குறைக்கும். அந்தக் கார் மணிக்கு 200 கிலோமீற்றரிலிருந்து 80க்கு இறங்க 132 மீற்றர் வேண்டும். 220இலிருந்து 80க்கு இறங்க 165 மீற்றர். வெறும் 20 கிலோமீற்றர் கூடியதற்கு 33 மீற்றர், அதாவது ஏழெட்டுக் கார் நீளம்.

காரணம், பிறேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. பாடசாலையில் படித்த அதே சூத்திரம்தான். இதை இன்னொரு பக்கத்தாலும் பாரும்: அதே கார் 200இலிருந்து 100க்கு வர 118 மீற்றரைத் தின்னும். மிச்ச 100இலிருந்து ஒரேயடியாக நிற்க 39 மீற்றர் போதும். அதனால் தொடக்கத்தில் தயங்கித் தயங்கி அமத்துகிறவர் இழக்கும் தூரத்தைக் கடைசியில் எவ்வளவு இறுக்கினாலும் மீட்க முடியாது.

நண்பரை விட நீர் ஏன் வேகமாக வந்தீர்? முந்திய முடக்கிலிருந்து நீர் நன்றாக வெளியேறியிருக்கலாம். அப்படியானால் உமக்கு ஒரு பாராட்டு, ஆனால் பிறேக்கை முந்திப் பிடிக்க வேண்டும். இன்னொரு காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் அப்படித்தான். காற்றுத் தடை குறைந்து வேகம் ஏறும், இறக்கை வைத்த காராக இருந்தால் முன்காரின் கலங்கிய காற்றில் அழுத்தமும் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்து நேரே கொண்டுபோய்ச் சரளையில் விடும். தாங்கி நிறைய எரிபொருள், முதல் சுற்றில் சூடேறாத ரயர், ஈரம், எல்லாம் இதே கணக்கில் சேரும். பலகையைக் கடக்கும் கணத்தில் வேகமானியில் என்ன எண் என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை பாரும். நண்பரையும் பார்க்கச் சொல்லும். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: இத்தாலியின் மொன்சா தடத்தில் பார்முலா 1 கார்கள் முதல் முடக்குக்கு எவ்வளவு கிட்டப் போய்ப் பிடிக்கின்றன! அதே இடத்தில் நான் ஸ்போர்ட்ஸ் காரில் பிடித்தால் ஏன் நிற்பதில்லை?
— வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: அவர்கள் மணிக்கு 330, 340 கிலோமீற்றரில் வந்து 150 மீற்றர் பலகைக்கும் 100 மீற்றர் பலகைக்கும் இடையில் பிடிப்பார்கள். அந்த வேகத்தில் இறக்கைகள் காரை நிலத்தோடு அமத்துவதால், பிறேக்கின் முதல் கணத்தில் புவியீர்ப்பின் 5 மடங்களவு அவர்களை முன்னால் தள்ளும். உங்கள் ரோட்டுக் காருக்கு அதில் ஐந்தில் ஒன்று கிடைத்தால் பெரிய காரியம். 250இல் வந்தால் அந்த முடக்குக்கு 200 மீற்றருக்கு மேல் வேண்டும். ரிவியில் பார்த்த இடத்தைக் கேமுக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: நண்பன் வீட்டு மொனிற்றரில் சரியாக ஓடும் நான், எங்கள் வீட்டுப் பெரிய ரிவியில் எல்லா முடக்கிலும் பிந்துகிறேன். மனப்பிரமையா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: பிரமை இல்லை. ரிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். 200 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு 55 மீற்றர் ஓடுகிறது. படம் பத்தில் ஒரு செக்கன் பிந்தினால் நீங்கள் பார்க்கும் பலகையைக் கார் ஐந்தரை மீற்றருக்கு முன்னரே தாண்டிவிட்டது. ரிவியின் மெனுவில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறும், பிந்துதல் பெருமளவு குறையும்.

இதோடு கமெரா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பின்னால் நின்று பார்க்கும் கமெராவில் ஓடுகிறவர்களுக்கு, பலகை கண்ணைக் கடக்க முன்னர் காரின் மூக்கைக் கடந்துவிடும். பொனட் கமெராவுக்கு மாறினால் அதே பலகை வேறு இடத்தில் நிற்பது போல இருக்கும். எந்தக் கமெரா என்பது உங்கள் இஷ்டம். நான் பொனட். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் கண் எதையும் அளந்து பழகாது. பார்வைக் கோணமும் அப்படியே. அகலமாக வைத்தால் வேகம் கூடினது போலவும் முடக்கு எட்டத்தில் இருப்பது போலவும் காட்டும். 24 அங்குல மொனிற்றருக்கு முன்னால் 60 சென்ரிமீற்றரில் இருப்பவருக்கு உண்மையான கிடைக் கோணம் ஏறக்குறைய 48 பாகைதான். அது கூட்டுக்குள் இருந்து பார்ப்பது போல இருக்கும் என்பது சரி, கொஞ்சம் கூட்டலாம். 90இல் வைத்துக்கொண்டு பலகை தெரியவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: கோடு இல்லாமல் ஓடப் பழகிவிட்டேன். ஏபிஎஸ்ஸையும் எடுத்தால் சில்லு இறுகிப் புகை வருகிறது. கொன்ரோலரில் இதை உணர்வது எப்படி? சில நேரம் நான் முழுதாக அமத்தினாலும் பிறேக் முழுதாக விழவில்லை போலவும் இருக்கிறது.
— பல்கலைக்கழக மாணவர், கோண்டாவில்

பதில்: இரண்டாவது விஷயத்தை முதலில் பார்ப்போம், அது என் தொழில். திரையில் பிறேக்குக்கு ஒரு பட்டை வரும். கார் நிற்கும்போது பிறேக்குக்கான எல்2 பொத்தானை முழுதாக அமத்திப் பாரும். பட்டை உச்சிவரை போகிறதா? விட்டதும் அடிவரை இறங்குகிறதா? பிளேஸ்ரேஷன் 4 கொன்ரோலரைக் கழற்றினால் எல்2க்குக் கீழே மின் கடத்தும் சிறிய ரப்பர் ஒன்று மெல்லிய தகட்டில் போய் அமரும். இங்குள்ள புழுதியும் விரல் எண்ணெய்யும் வியர்வையும் சேர்ந்து அதில் ஒரு படலமாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு அமத்தினாலும் பட்டை முக்கால்வாசியில் நிற்கும், அல்லது ஒரே அமத்தில் துள்ளும். அந்தக் கொன்ரோலரோடு பிறேக் பழகுவது வீண் வேலை. துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். ஸ்ப்றிங் போயிருந்தால் அதையும் மாற்றலாம், செலவு பெரிதில்லை.

இனி சில்லு. ரயர் மிக அதிகம் பிடிப்பது சில்லு சுதந்திரமாக உருளும்போதும் அல்ல, முழுதாக நின்று இழுபடும்போதும் அல்ல. ரோட்டின் வேகத்தை விடப் பத்தில் ஒரு பங்களவு மெதுவாகச் சுழலும்போது. அந்த விளிம்பில் நிற்கப் பழகுவதுதான் உம்முடைய வேலை, ஏபிஎஸ் இவ்வளவு நாளும் அதைச் செய்து தந்தது. விளிம்புக்கு வரும்போது ரயர் கீச்சிடத் தொடங்கும், சத்தம் ஏறிக்கொண்டு போகும். இறுகியதும் சத்தம் ஒரே தொனியில் நிற்கும், ஸ்ரியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேரே போகும். ஹெட்போன் போட்டு ஓடும். இரவில் வீட்டாருக்கும் நிம்மதி.

இறுகிவிட்டால் விரலை முழுதாக எடுக்காதேயும். ஒரு மயிரிழை தளர்த்தினால் சில்லு திரும்ப உருளும். பதறி முழுதாக விட்டுத் திரும்ப அமத்துவதற்குள் முடக்கு போய்விடும். றோட்ஸ்ரர் போன்ற காரில் முதல் கணத்தில் அடிக்காமல், பாரம் முன்சில்லுக்கு வந்து சேர ஒரு மூச்சு நேரம் கொடுத்து ஏற்றும், பிறகு அப்படியே வைத்திரும். இறக்கை வைத்த றேஸ் காரில் மறுவளம். வேகம் இருக்கும்போதுதான் காற்று காரை அமத்துகிறது, ஆகவே தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, வேகம் குறையக் குறையத் தளர்த்த வேண்டும். அதே பலத்தில் வைத்திருந்தால் கடைசி 30 மீற்றரில் கட்டாயம் இறுகும். அசெட்டோ கோர்சா என்ற கேமில் ஓடுகிறவர் என்றால் பிறேக் காமா என்ற அளவைக் கொஞ்சம் ஏற்றிப் பாரும், தொடக்க அமத்தல் மென்மையாகி விரலுக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: பிறேக்கைப் பிடித்தபடியே முடக்குக்குள் திருப்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் செய்தால் கார் சுழன்று பின்பக்கம் பார்த்து நிற்கிறது. நேரே பிடித்து, விட்டு, பிறகு திருப்பினால் கார் திரும்ப மறுக்கிறது. எது சரி?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி இது. நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: விடும் விதத்தில்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குள் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பீர்கள். சில சாரதிகள் கடைசிவரை ஒரே அமத்தாக வைத்திருப்பார்கள். பஸ் நின்ற கணத்தில் முன்னால் சாய்ந்திருந்த சனம் முழுதும் பின்னால் விழும். பழகின சாரதி நிற்பதற்குக் கொஞ்சம் முன்னரே காலைத் தளர்த்திக்கொண்டு வருவார், நின்றதே தெரியாது. உங்கள் கார் முடக்கு வாசலில் அந்த முதல் பஸ் போல நடந்துகொள்கிறது.

பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் போகிறது. முன் ரயர்கள் அமர்ந்து கடிக்கும், பின் ரயர்கள் இலேசாகும். நேரே பிடித்துவிட்டுச் சட்டென்று காலை எடுத்தால் மூக்கு எழும்பும், முன் ரயரின் கடி போய்விடும், அந்தக் கணத்தில் பார்த்து நீங்கள் ஸ்ரியரிங்கைத் திருப்புகிறீர்கள். திரும்ப மறுப்பது அதனால்தான். மறுபக்கம், முழுப் பலத்தோடு பிடித்தபடியே திருப்பினால் இலேசான பின்பக்கம் பிடி இழந்து முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். ரயருக்கு உள்ள பிடிப்பு ஒன்றுதான். பிறேக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமில்லை.

ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல மாற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்ரியரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பிறேக் குறைய வேண்டும். ஏபெக்ஸ் வரும்போது பிறேக் இல்லாமலே போய்விட வேண்டும். றீப்ளேயில் பிறேக் பட்டையை மட்டும் பாருங்கள், காரைப் பார்க்கவே வேண்டாம். உங்கள் பட்டை இப்போது உச்சியில் நின்றுவிட்டுத் தொப்பென்று விழும். அது சரிவாக இறங்கத் தொடங்கினால் கார் தானே மூக்கை உள்ளே திருப்பும். முதலில் திருப்பும்போது ஐந்தில் ஒரு பங்கு பிறேக் மட்டும் மிச்சம் வைத்துப் பழகுங்கள். பாதி மிச்சம் வைத்துத் திருப்புவதெல்லாம் பிறகு.

கியரையும் பாருங்கள். கையால் கியர் மாற்றுகிறவர் என்றால், வேகம் குறைய முன்னர் ஐந்திலிருந்து இரண்டுக்கு மடமடவென்று இறக்கினால், பின்சில்லு ஓட்டும் காரில் எஞ்சினே பின்சில்லைப் பிடித்து இறுக்கும். சுழன்றதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும். போர்ஷே 911 போல எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அவை இந்த வித்தைக்கு அருமையான கார்கள், ஆனால் விடும் கால் பழகின பிறகு. பிறேக் பலத்தை முன்சில்லுக்குக் கொஞ்சம் தள்ளி வைக்க முடிந்தால் அதுவும் கைகொடுக்கும்.

கேள்வி: ஜி29 ஸ்ரியரிங் வாங்கினேன். பிறேக் பெடல் கல்லு மாதிரி இருக்கிறது. உள்ளே உள்ள ரப்பரை எடுத்துவிடச் சிலர் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
— வாசகர், நெல்லியடி

பதில்: எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கால் லேசில் நினைவு வைக்காது. எவ்வளவு பலம் கொடுத்தேன் என்பதைத்தான் வைக்கும். விலை கூடின பெடல்களில் தூரத்துக்குப் பதிலாகப் பலத்தை அளக்கும் உணரி வைப்பது அதற்காகத்தான். உங்கள் பெடல் அளப்பது தூரத்தை. ஆனால் அந்த ரப்பர் இருப்பதால் கடைசிப் பகுதியில் தூரமும் பலமும் சேர்ந்தே ஏறுகின்றன. எடுத்தால் பஞ்சில் மிதிப்பது போல வந்துவிடும்.

உண்மையான கரைச்சல் வேறு. பலமாக மிதிக்கிறபோது பெடல் பெட்டி சீமெந்து நிலத்தில் வழுக்கிப் பின்னால் போகும், அல்லது சில்லு வைத்த கதிரை உங்களைப் பின்னால் கொண்டுபோகும். இரண்டும் நடந்தால் மிதி ஒவ்வொரு முறையும் வேறுவேறாகத்தான் இருக்கும், அளவு பழகாது. என் கடைப் பின் அறையில் பெடல் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் பனஞ்சலாகைத் துண்டொன்றை இறுக்கிக் கொடுத்திருக்கிறேன், வீடு மேய்ந்தபோது மிஞ்சினது. கதிரை, சாப்பாட்டு மேசைக்குப் போடும் பாரமான மரக் கதிரை. பார்க்க வடிவில்லை. ஆனால் ஒன்றும் அசையாது. கொஞ்சக் காலத்தின் பின் பிறேக் பட்டை தானாகத் துள்ளத் தொடங்கினால், பெடலுக்குள் இருக்கும் மின்தடைச் சுழலியில் தூசி. கழற்றிச் சுத்தம் செய்தால் பழைய நிலைக்கு வரும்.

கேள்வி: லைசன்ஸ் எடுக்க முன்னர் கேமில் பழகினால் கார் ஓடுவது லேசு என்று மகன் சொல்கிறான். இப்போது எல்லா உதவியையும் நிறுத்திவிட்டு பிறேக் பழகுகிறானாம். இதில் ஏதும் உண்மை உண்டா?
— தாய், நல்லூர்

பதில்: அம்மா, பாதி உண்மை. தூரத்தைப் பார்த்து ஓடும் பழக்கம் வரும், அது ரோட்டுக்கும் நல்லது. மற்றப்படி, தடத்தில் அவர் தேடுவது பிறேக் பிடிக்கக்கூடிய கடைசி இடத்தை. காங்கேசன்துறை வீதியில் தேட வேண்டியது முதல் இடத்தை. மொன்சாவில் குறுக்கே மாடு வராது, சமிக்ஞை போடாமல் ஓட்டோ திரும்பாது. கேமில் உடம்பு முன்னால் தள்ளப்படுவதும் இல்லை, ஆகவே எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்று உடம்பு அறியாது. ஓட்டப் பயிற்சிக்கு ஆளை அனுப்புங்கள். கேமைத் தடுக்கவும் தேவையில்லை. சோதனை நெருங்கினால் ஸ்ரியரிங்கைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி: லகூனா செக்காவில் அந்தப் பெயர்பெற்ற இறக்க முடக்குக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. தெரியாத முடக்குக்கு எதை வைத்துப் பிறேக் பிடிப்பது?
— வாசகர், காரைநகர்

பதில்: கோர்க்ஸ்குறூ. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள தடம். மேட்டின் உச்சியில் இடப்பக்கம் திரும்பி உடனே வலப்பக்கம் விழ வேண்டும். இறக்கம் 18 மீற்றர் அளவு, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம். நீங்கள் முடக்கைத் தேடுவதால் பிந்துகிறீர்கள். அங்கே பிறேக் முழுவதும் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே முடிய வேண்டும். ஏற்றம் உங்கள் பக்கம்தான், கார் வழமையை விடச் சுருக்கமாக வேகம் குறைக்கும். உச்சியைத் தாண்டும்போது கார் இலேசாகி ரயர் பிடிப்பு விடும், அந்த நேரம் பிறேக்கில் கால் இருந்தால் சில்லு இறுகும். ஆகவே ஏற்றத்தில் உள்ள அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பும் திசைக்கு, உச்சிக்கு மேலால் தெரியும் மரங்களைப் பாருங்கள். மிச்சம் நம்பிக்கை. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் றைடியோன் என்ற ஏற்ற முடக்கின் உச்சியும் கண்ணுக்குத் தெரியாததுதான், ஆனால் நல்ல காரில் அங்கே பிறேக்கே வேண்டாம் என்பதால் இந்தப் பாடம் அங்கே படிக்க முடியாது.

கேள்வி: கீபோர்ட்டில் ஓடுகிறேன். ஏபிஎஸ் இல்லாமல் முடியுமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: முடியும், ஆனால் பலன் இல்லை. கீபோர்ட்டில் பிறேக் இருக்கிறது அல்லது இல்லை, தளர்த்துவதற்கு நடுவில் ஒன்றும் கிடையாது. ஏபிஎஸ்ஸை விட்டுவைத்து, கோட்டை மட்டும் எடுத்து, வேகத்தையும் அடையாளத்தையும் பழகுங்கள். பழைய கொன்ரோலர் ஒன்று கிடைத்ததும் கொண்டுவாருங்கள், எல்2ஐத் துடைத்துத் தருகிறேன்.